வேப்பிலை கட்டிய வாசல்



பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. திருச்சியிலிருந்து திருவரங்கத் தீவைக் கடந்து, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள சமயபுரத்தை நோக்கி மஞ்சளாடை உடுத்தி நடந்து செல்லும் மக்களை நாள்தோறும் காண்கிறோம். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கியதுமுதல் 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் காப்பதாகவும், அந்நாட்களில் இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு போன்றவையே படைக்கப்படுவதாகவும் நம் இந்து சகோதரர்கள் கூறுவர். நம் நாட்டில் தட்டம்மை மிகுதியாகத் தோன்றுவதும், குளிர் தணிந்து வெயில் தொடங்கும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான். இவை இரண்டும் ஒன்றுகூடியது தற்செயலன்று என்பது நமது எண்ணம். அறிந்தோர் வேறு கூறுவாராயின் திருத்திக்கொள்வோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து மக்கள் கலையுமுன், திருவரங்கத்தில் குடியிருக்கும் இளந்தாய் ஒருவர் இடுப்பில் குழந்தையோடு கோவில் வாசலில் நம்மைத் தேடி வந்தார். “ஃபாதர், பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். கையிலும் காலிலும் சிவப்பாப் பொரிஞ்சிருக்கு. மாமியார் அம்மைங்கறாங்க, வீட்டுக்காரர் அலர்ஜிங்கறார். ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றார். அவரைச் சுற்றி ஏழெட்டுக் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தன. பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, கூட்டத்தைவிட்டு விலகி நேரே மருத்துவரிடம் செல்லுமாறு சற்றுக் கடுமையாகவே கூறினோம். அவர் முகம் வாடியது. அக்குழந்தைக்கு வந்தது அம்மையுமன்று, அலர்ஜியுமன்று. கை, கால், வாய் நோய் எனப்படும் எளிய தொற்றுநோய் அது. ஒரு வாரத்தில் தானே தணிந்துவிட்டது. எனினும் நாம் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினோம் என்பதை அவருக்கும் உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1999ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று ஓராண்டு நிறைந்திருந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அப்பங்கைச் சேர்ந்த ஒரு கிளைக் கிராமத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது, ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டிருந்தது. வாசற்படியில் மஞ்சள்நீர்ச் செம்பு. உள்ளே இரண்டரை வயதுப் பெண்குழந்தை வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தது. “மணல்வாரி போட்டிருக்கு சாமி. இன்னிக்கு மூணாம் நாள். அஞ்சாம் நாள் தண்ணி ஊத்திட்டா எறங்கிரும்” என்றார் பாட்டியார். வீடு துப்புரவாக இருந்தது. அண்டை வீட்டுக் குழந்தைகளை உள்ளே விடவில்லை. தாளிக்கும் ஓசைகூட எழாதபடி அந்த வீடு அடங்கியிருந்தது. இவ்வளவு கட்டுப்பாட்டைக் கண்டு நாம் உள்ளூர வியந்தோம். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துப் புறப்பட்டோம். மருத்துவரிடம் காட்டினீர்களா என்னும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் பாட்டியார் மனம் புண்படுமோ என்ற தயக்கம் ஒன்று. நமக்கே விவரம் போதாதது மற்றொன்று. குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். தட்டம்மையைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டிருக்கிறது. பத்தியமென்று வெறுங்கஞ்சித் தண்ணீரே கொடுத்திருக்கிறார்கள். கண்கள் சிவந்து பீளை கட்டவும், யாரோ சொன்னார்களென்று பச்சிலைச் சாற்றைப் பிழிந்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது வலக்கண்ணின் கருவிழி வெந்து குழைந்திருந்தது. உயிர் தப்பியது. அக்கண்ணில் பூ விழுந்துவிட்டது. நாம் சென்று பார்த்தபோது, அங்கிருந்த மருத்துவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “முதல் வாரமே வந்திருந்தால், இரண்டு நாளைக்கு இரண்டு கரண்டி மருந்து போதும் ஃபாதர்” என்றார். அவர் சொன்னது வைட்டமின் ஏ திரவத்தை. அச்சொல் இன்றும் நம் செவியில் நிற்கிறது. அக்குழந்தை இன்று மணமாகி, பிள்ளைபெற்ற பெண்மணி. வழியில் கண்டால் முகத்தைச் சற்றே திருப்பி, நல்ல கண்ணால் நம்மைப் பார்த்துத் தோத்திரம் சொல்லுவார்.

அப்பாட்டியாரை நாம் குறை கூற மாட்டோம். அவர் தம் இளமையில் பெரியம்மையைக் கண்ணாரக் கண்டவர். வைசூரி என்ற பெயரைச் சொல்லவே அஞ்சிய காலம் அது. நம் கத்தோலிக்க ஊர்களிலும் கொள்ளைநோய்க் காலத்தில் புனித செபஸ்தியாரின் சுரூபத்தைத் தெருத்தெருவாக எடுத்துச் சென்று மன்றாடினார்கள். வந்தபின் பெரியம்மையைத் தீர்க்க மருத்துவரிடமும் மருந்து கிடையாது. தொட்டால் பற்றும், தாங்கினால் பிழைக்கும், அவ்வளவே. ஆகவே, விலகியிரு, குளிர்ச்சியாக இரு, அடங்கியிரு, காத்திரு என்று முன்னோர் ஒழுங்கு செய்தது அக்காலத்துக்கு முற்றும் அறிவுடைய செயலே. நோய்க்குத் தாயின் பெயரை வைத்து, “வார்த்திருக்கிறது”, “இறங்குகிறது” என்று பணிவோடு பேசியதிலும் அன்பும் அச்சமும் கலந்திருந்தன. ஆனால் அந்தப் பெரியம்மை இந்தியாவை விட்டு 1975ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது. 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது, அதற்கென ஏற்பட்ட ஒழுங்கு மட்டும் வேறொரு நோய்க்கு உரியதாகி நிற்கிறது. தட்டம்மைக் கிருமியை நேரே கொல்லும் மருந்து இன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தட்டம்மையில் குழந்தைகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தத் தடிப்பு அன்று. அதன் பின்னே வரும் நிமோனியாவும், வயிற்றுப்போக்கும், மூளைக் காய்ச்சலுமே. இவற்றை எதிர்த்து நிற்க மருத்துவரிடம் வழி உண்டு. காத்திருக்கும் ஒழுங்கு இங்கேதான் நம்மைக் கைவிடுகிறது.

தட்டம்மையை அடையாளம் காண்பது தாய்மாருக்குக் கடினமன்று. மணல்வாரி, சின்னமுத்து என்றும் இதற்குப் பெயருண்டு. கிருமி உடலில் புகுந்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வரையில் ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல் எழும். கூடவே இருமல், மூக்கில் நீர், கண் சிவந்து ஒளியைக் கண்டால் கூசுதல். இம்மூன்றையும் சாதாரணச் சளியென்று நினைத்து, பள்ளிக்கும் கோவிலுக்கும் தூக்கிச் செல்கிறோம். இந்நாட்களில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால், கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பின்மேல் உப்புத்தூள் சிதறினாற்போல் வெண்புள்ளிகள் தென்படலாம். காய்ச்சல் மூன்று நான்கு நாள் ஏறி நின்ற பிறகே தடிப்பு வரும். அது வரும் வழியைக் கவனியுங்கள்: காதுக்குப் பின்னும் நெற்றிமயிர் ஓரத்திலும் தொடங்கி, முகம், கழுத்து, மார்பு, முதுகு என்று மேலிருந்து கீழாக இறங்கி, கடைசியில் கால்களை அடையும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கையால் தடவினால் சொரசொரவென்றிருக்கும். மணலை வாரி இறைத்தாற்போல் என்று பெயரிட்டவர் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் நோய் பார்த்தவராக இருக்க வேண்டும். ஐந்தாறு நாளில் வந்த வழியே மங்கி, பழுப்பு நிறத் தேமலாகி, தவிடுபோல் உதிரும்.

சின்னம்மை வேறு. அதில் நீர் கோத்த கொப்புளங்கள் மார்பிலும் வயிற்றிலும் முதுகிலும் நெருக்கமாகத் தோன்றும். புதியதும், நீர் கொண்டதும், பொருக்குத் தட்டியதும் ஒரே நேரத்தில் உடலில் காணப்படும், அரிப்பு மிகும். எல்லாம் பொருக்காகும்வரை அது பரவும். கை, கால், வாய் நோயில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வாய்க்குள்ளும் புண் வரும். அண்மை ஆண்டுகளில் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் பெரிதாக எழுதியதும் இதன் ஒரு வகையென்றே மருத்துவர்கள் கருதினார்கள். ருபெல்லா என்னும் மற்றொன்று குழந்தைக்கு இலேசானது. ஆனால் கருவுற்ற தாயை முதல் மாதங்களில் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் ஊனப்படுத்தவல்லது. ஒருசிலருக்கு நான்கு நாள் காய்ச்சல் விட்ட பிறகே உடலில் செம்புள்ளி தோன்றி மறையும். அது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. எது எவ்வாறாயினும், காய்ச்சலோடு தடிப்பு கண்டால் பெயர் சூட்டும் வேலையை மாமியாருக்கும் மருமகனுக்கும் விடாது, மருத்துவருக்கு விட்டுவிடுவதே நன்று. செல்லுமுன் மருத்துவமனையில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், தனியே அமரச் செய்வார்கள்.

அப்படியானால் வேப்பிலையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாம் அதை எடுத்தெறியச் சொல்லவில்லை. நகத்தால் கீறுவதைவிட இளங்கொழுந்தால் மெல்ல வருடுவது நல்லதே. அது கிருமியைக் கொல்லுமென்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வாசலில் கட்டிய கொத்து, “இவ்வீட்டுக்குள் வராதீர்” என்று ஊருக்குச் சொன்ன அறிவிப்பு. அது எவ்வளவு பெரிய உதவி! இக்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கொத்துக் கட்ட வெட்கப்படுகிறார்கள். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமர்த்திப் பிள்ளையை வகுப்புக்கும் அனுப்பிவிடுகிறார்கள். பழையதில் தீமையை வைத்துக்கொண்டு நன்மையை விட்டதாக ஆகிறது. தட்டம்மை கண்ட பிள்ளை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னிருந்து, தோன்றிய நான்கு நாள் பின்வரை பிறருக்குக் கொடுக்கும். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்ற கணக்கை நோய் அறியாது.

இளநீர், மோர், பானகம், நுங்கு யாவும் தக்கவையே. ஆனால் பட்டினி தகாது. விரதம் அம்மனுக்கு உரியதென்று அவ்வன்பர்களே கூறுகின்றனர். காய்ச்சல் கொண்ட குழந்தைக்கு அன்று. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலைக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். குழைந்த சோறு, பருப்பு, முட்டை, வாழைப்பழம், பப்பாளி என்று வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டலாம். பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தாமதமின்றித் தொடங்கவேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கண்ணைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த தூய பஞ்சினால் துடைப்பதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, தேன் முதலியவற்றைக் கண்ணில் விடவே வேண்டாம். இதை நாம் கெஞ்சிக் கேட்கிறோம்.

பிறகு அந்த இரண்டு கரண்டி. தட்டம்மை உடலிலுள்ள வைட்டமின் ஏ சத்தை விரைந்து உறிஞ்சிவிடுகிறது. கண் கெடுவதற்கும், நுரையீரலும் குடலும் நலிவதற்கும் இது பெரிய காரணம். ஆகையால் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது: ஒருமுறைக்கு 6 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1 இலட்சம், ஓராண்டுக்கு மேற்பட்டோருக்கு 2 இலட்சம். கண்ணில் கோளாறு தெரிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது முறையும் உண்டு. கடையில் வாங்கி நீங்களே ஊற்றாதீர்கள், மிகினால் அதுவே நஞ்சு. கேட்டுப் பெறுங்கள்.

எந்த நேரமாயினும் உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய குறிகள் உண்டு. மூச்சு விரைவாக வாங்குதல் முதலாவது. குழந்தை அமைதியாக இருக்கும்போது கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் நிறைந்து ஓராண்டுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40, அல்லது அதற்கு மேலென்றால் ஆபத்து. விலாவுக்குக் கீழ் மார்பு உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் விழிக்காமல் மயங்கினாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், சிறுநீர் குறைந்தாலும், கருவிழி மங்கினாலும், தடிப்பு மங்கியபின் காய்ச்சல் திரும்பினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். தீவிலுள்ளோருக்குத் திருவரங்கத்து அரசு மருத்துவமனை அருகில் உண்டு. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உண்டு. 108ஐ அழைத்தால் வண்டி வரும்.

இந்நோய் எவ்வளவு விரைந்து பரவும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. வட அட்லாண்டிக் கடலில் பாரோ தீவுகளென்று ஒரு கூட்டம். 1846இல் அங்கே தட்டம்மை புகுந்தது. அங்கிருந்த 7,800 பேர் அளவில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, 65 ஆண்டுகளுக்குமுன் 1781இல் அங்கே நோய் கண்டபோது அடைந்து பிழைத்த முதியோர் ஒருவருக்கும் இம்முறை வரவில்லை என்று கண்டார். ஒருமுறை வந்தால் மறுமுறை வாராது என்று நம் பாட்டிமார் கூறுவது இவ்வாறு ஏட்டிலேறியது. அக்கிருமி காற்றில் மிதப்பது. நோயாளி எழுந்துபோன அறையிலும் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். தடுப்பில்லாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேரைப் பற்றும். கோவில் வாசலில் நாம் ஏன் கடுமையாகப் பேசினோம் என்பது இப்போது விளங்கும்.

“ஒருமுறை வந்துபோனால் நல்லதுதானே, பிறகு தடுப்பூசி எதற்கு?” என்று கற்றவர்களே கேட்கிறார்கள். அம்மை கண்ட பிள்ளை ஓராண்டுக்கு நோஞ்சானாக இருக்கும் என்று பழையவர்கள் சொல்வார்கள். அதன் காரணத்தை அண்மையில்தான் ஆராய்ச்சியாளர் தெளிவாகக் கண்டனர். முன்பு வந்த நோய்களை எதிர்க்க உடல் கற்று வைத்திருந்த நினைவில் கணிசமான பகுதியைத் தட்டம்மைக் கிருமி அழித்துவிடுகிறது. பிள்ளை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சலும் நேர்கிறது. தடுப்பூசி 1963இல் வருமுன் உலகில் ஆண்டுதோறும் 26 இலட்சம் பேரளவில் இதனால் மடிந்தனர். 2023இலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனரென மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். வெகு தொலைவிலன்று, நம் மும்பை மாநகரில் கோவண்டி முதலிய நெருக்கமான பகுதிகளில் 2022இன் பிற்பகுதியில் குழந்தைகள் மாண்டனர். அவர்களுள் பலர் ஊசி போடாதவர்கள்.

2017 பிப்ரவரியில் நம் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளோருக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, கைப்பேசிகளில் பரவிய வதந்திகள் நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு ஊனம் வரும் என்றும், அயல்நாட்டுச் சூழ்ச்சி என்றும் எழுதினார்கள். நம்மிடமும் சில பெற்றோர் வந்து, பள்ளிக்கு எழுதிக் கொடுக்கக் கடிதம் கேட்டார்கள். நாம் கொடுக்கவில்லை. ஊசி போட்டபின் ஓரிரு நாள் கை வலிக்கலாம், ஒரு வாரத்துக்குமேல் சற்றுக் காய்ச்சல் வரலாம், மிகச் சிலருக்கு இலேசான தடிப்பும் தோன்றலாம். அன்று போட்ட இலட்சோப இலட்சம் பிள்ளைகள் இன்று வளர்ந்து நம் கண்முன் நடமாடுகிறார்கள்.

இரண்டு தவணை வேண்டும். முதலாவது 9 மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஒன்பதாம் மாத ஊசிக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். இரண்டாவதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடுகிறது, தாய் வேலைக்குத் திரும்பிவிடுகிறார், மறதி வந்துவிடுகிறது. முதல் ஊசி மட்டும் பெற்ற நூறு பிள்ளைகளில் பதினைந்து பேரளவில் தடுப்பாற்றல் பெறாமலே நிற்பர். அவர்களை அடைத்துக் காப்பது இரண்டாவதுதான். வீட்டில் ஒருவருக்குத் தட்டம்மை கண்டு, ஊசி போடாத மற்றொரு பிள்ளை இருந்தால், 72 மணி நேரத்துக்குள் அதற்கு ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பலாம். ஒன்பது மாதமாகாத சிசுவும் கருவுற்ற தாயும் அவ்வீட்டில் இருப்பின் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடப்படுகிறது, கட்டணம் இல்லை. தவணை தவறியிருந்தால் ஐந்து வயதுவரை போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்துவிட்டதென்று தயங்கவேண்டாம். செவிலியர் பதிவேட்டில் பார்ப்பார், அகப்படாவிட்டாலும் போட்டுவிடுவார். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கு இல்லத்தில் அமர்ந்திருப்போம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் அட்டையைக் கொண்டுவாருங்கள், பதினாறாம் மாதக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடலாம். காய்ச்சல் உள்ள பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.